கொடி பறக்கும் கட்டடங்கள்

நான் பொறாமை கொண்டிருந்த ஒருவரைப் பற்றி எழுதப் போகிறேன். பொறாமைக்காரியின் சாட்சியத்தை எவரும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதை அறிவேன். ஆதலால் எனக்கு நானே ஒரு வரம்பு கட்டிக்கொண்டேன். என் கண்ணால் கண்டதும், அவர் தம் வாயால் என்னிடம் சொன்னதும், என் மகள் நேரில் கேட்டதும் மட்டுமே இங்கே இடம்பெறும். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் குடியிருப்பைச் சுற்றி வாழ்ந்த தமிழ் முஸ்லிம் பெண்கள் அவரைப் பற்றிப் பல கதைகள் வைத்திருந்தார்கள். சிறையில் இருந்து வந்தவர் என்றார் ஒருவர். அவருடைய முக்காட்டை நடுத்தெருவில் கொளுத்தினார்கள் என்றார் இன்னொருவர். அவற்றை அவர் ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. ஆகவே அவை இங்கே இல்லை.

அவருடைய பெயரையும் நாட்டையும் சொல்லாததற்குக் காரணம் எளியது. அவருடைய தங்கை இன்னும் அங்கேதான் வாழ்கிறார். மத்திய ஆசியக் குடியரசுகளுள் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என்னிடம் அவர் பேசியது ஆங்கிலம். சொற்களைச் சிக்கனமாகச் செலவிடும் ஆங்கிலம். அந்தச் சிக்கனத்தையாவது தமிழில் காக்க முயன்றிருக்கிறேன்.

குடியிருப்பின் பொதுச் சலவை அறையில்தான் அவரை முதலில் கண்டேன். ஈரத்துணியை அள்ளக் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார். அவருடைய முக்காடு அசையவே இல்லை. என்னுடையது மூன்று ஊசிகளின் தயவில் தலையில் நிற்பது. நான் குனிந்தால் அது முன்னே வரும். நிமிர்ந்தால் பின்னே போகும். அவருடையதோ மோவாய்க்குக் கீழே இட்ட ஒற்றை முடிச்சில், ஊசியே இன்றி நின்றது. ஒத்த வயதினரான இரண்டு பெண்கள் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தோம். ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு செய்தாள். மற்றவர் மறந்துவிட்டுச் செய்தார். என் பொறாமை அங்கே, அந்த அற்பமான இடத்திலிருந்து, தொடங்கியது.

அவர் தலையை மறந்தவர் அல்லர் என்பது நூலகத்துக்குச் சேர்ந்து போன நாளில் தெரிந்தது. நெடுஞ்சாலையில் கார் ஓட்ட எனக்கு அச்சம். அவர்தான் ஓட்டினார். நூலக வாசலில் வண்டியை நிறுத்தியதும் கண்ணாடியைக்கூடப் பாராமல் முடிச்சை அவிழ்த்தார். துணியைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியில் கட்டினார். கழுத்து வெளியே தெரிந்தது. பிறகே கதவைத் திறந்தார்.

"ஏன் மாற்றிக் கட்டினீர்கள்?" என்றேன்.

கம்பத்தில் பறந்த கொடியைக் கண்ணால் காட்டினார். "அரசாங்கக் கட்டடம்."

"இங்கே அதை யார் கேட்கப் போகிறார்கள்?"

"யாரும் கேட்கமாட்டார்கள். எனக்குத் தெரியும். என் கைகளுக்குத் தெரியவில்லை."

பின்னர், பல மாதங்களில் சிறிது சிறிதாக, அவர் சொன்னவற்றைத் தொகுத்தால் இவ்வளவு தேறும். அவருடைய நாட்டில், முந்தைய தலைமுறைப் பெண்களின் முகத்திரையை விலக்கச் சொன்ன ஆட்சி ஒன்று இருந்தது. அது போனபின் வந்த ஆட்சி, முக்காட்டின் முடிச்சு எங்கே இருக்கவேண்டும் என்று சொன்னது. பிடரியில் இருந்தால் அது முன்னோர் மரபு. மோவாய்க்குக் கீழே இருந்தால் அயல்நாட்டு உடை. கல்லூரி, மருத்துவமனை, அலுவலகம் என எந்த வாசலிலும் மோவாய் முடிச்சு நுழைய முடியாது. நாட்டு மரபுடையை அணியுமாறு கைபேசிக்குச் செய்தி வரும். எந்த வயதினர் எந்த இடத்துக்கு எதை அணியலாம் என்று படம் போட்ட புத்தகம் ஒன்றை அரசே அச்சிட்டது. துக்க வீட்டில் கறுப்பு உடுத்தக் கூடாது. ஒப்பாரி வைக்கக் கூடாது. அளவுக்குமேல் விருந்து வைக்கக் கூடாது. அவருடைய தந்தை இறந்தபோது, சோறு பொங்க எத்தனை அண்டா ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்க்க ஓர் அதிகாரி கொல்லைப்புறம் வரை வந்தாராம்.

"பிறகு அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்," என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

அமெரிக்காவில் அவருக்கு நேர்ந்த தொல்லை, இங்கே கொடி பறக்காத கட்டடமே அரிது என்பது. எங்கள் ஊரின் ரூட் பதினெட்டு நெடுஞ்சாலையில் கார் விற்பவர்கள் கல்யாணப் பந்தல் அகலத்துக்குக் கொடி ஏற்றியிருப்பார்கள். பர்கர்க் கடையில் கொடி, மெத்தைக் கடையில் கொடி. டயர் மாற்றப் போனாலும் அவர் கை தானாக எழும். முடிச்சு பிடரிக்குப் போகும். டயருக்கும் அரசுக்கும் தொடர்பில்லை என்பது பாதி வழியில் நினைவுக்கு வரும். திரும்ப முன்னே கொண்டுவருவார். இதைக் கண்டுபிடித்தவள் என் மகள் சமீரா. உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவளை மாலையில் அழைத்து வருவது அவர்தான். ஒரு மருத்துவ நிலையத்தில் ஸ்கேன் எடுக்கும் அவருடைய வேலை, பள்ளி விடும் நேரத்தோடு முடியும். "ஆன்ட்டி, ஃபால்ஸ் அலாரம்! தட்ஸ் எ மேட்ரஸ் ஷாப்!" என்று அவள் கத்துவாளாம். இருவரும் சிரித்துக்கொண்டே வாசலில் வந்து இறங்குவார்கள். எதற்குச் சிரிப்பு என்று கேட்டால், "நத்திங், உம்மா" என்பாள்.

அவருடைய குணம் ஒன்றைச் சொல் என்றால் இதைச் சொல்வேன்: பிறர் உடுத்தியிருப்பதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். குறை மட்டுமன்று, புகழ்ச்சியும் கிடையாது. எங்கள் பெண்களின் கூட்டத்தில் அது எத்தகைய விந்தை என்பதைத் தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. நிக்காஹ் நிச்சயமான பெண் ஒருத்தி, புது லெஹங்காவை உடுத்திக்கொண்டு வந்து அவர்முன் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஹௌ இஸ் இட், ஆன்ட்டி?"

அவர் ஆழ்ந்து பார்த்தார். "இதில் உட்கார முடிகிறதா?"

"உட்காரலாம் ஆன்ட்டி, எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் வேண்டும்!"

எல்லாரும் சிரித்தார்கள். கேள்விக்கு விடை வரவில்லை என்பதை என்னைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கும் அந்த அனுபவம் உண்டு. ஒரு பெருநாளன்று கீழக்கரையிலிருந்து வந்த புதுப் பட்டுச்சேலையில் அவர் வீட்டு வாசலில் நின்றேன். "எப்படி இருக்கிறது?" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நீங்கள் வந்திருக்கிறீர்கள். அது நன்றாக இருக்கிறது," என்றார். வீட்டுக்கு வந்து அந்தச் சேலையை மடித்து வைத்தவள், அடுத்த பெருநாள் வரை எடுக்கவில்லை.

கூட்டத்தில் அவருக்குத்தான் நடு நாற்காலி. அவர் வராத நாள்களில், என்னை லாத்தா என்று, அதாவது அக்கா என்று, அழைப்பவர்கள் பார்த்ததும் கேட்பார்கள்: "என்ன லாத்தா, தனியா வர்றீங்க? உங்க ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வரலையா?"

"நான் வந்திருக்கேன்ல!"

"நீங்க எப்பவும் வர்றவங்கதானே லாத்தா."

இப்படிச் சொன்னவர்கள் தீங்கு நினைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் அது உள்ளே இறங்கியது. இதற்கு மூலமான உண்மையையும் எழுதிவிடுகிறேன். என் முக்காட்டுக்கு வரலாறு இல்லை. மாமியார் மட்டுமே இருந்தார். திருமணமான வாரத்தில், "தலையில துணி எங்கே?" என்று ஒரு முறை கேட்டார். அன்று இழுத்துவிட்டது இன்றுவரை நிற்கிறது. அவருடைய தலைத்துணிக்கோ ஓர் அரசாங்கமே எதிரியாக இருந்தது; அமைச்சகம் அதற்காகப் புத்தகம் அச்சிட்டது. நான் விரும்பிக் கட்டுகிறேனா, பழகிக் கட்டுகிறேனா என்று என்னை ஒருவரும் ஒருநாளும் சோதித்ததில்லை. அவர் சோதிக்கப்பட்டவர் என்று நான் நம்பினேன். துன்பத்தின்மேல் பொறாமை கொள்வது எவ்வளவு இழிவானது என்பதை அறிந்துகொண்டே பொறாமை கொண்டேன்.

சமீரா ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது முக்காடு அணியச் சொன்னேன். எதிர்த்து ஒன்றும் பேசாமல் கட்டிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் பதினோராம் வகுப்பில் இருந்த ஆண்டு. ஒருநாள் அவளுடைய பல் மருத்துவர் திடீரென நேரத்தை மாற்றவே, விடுப்பில் இருந்த என் கணவர் என்னையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். மகளுக்குச் செய்தி அனுப்பினோம், அவள் பார்க்கவில்லை. வண்டிகளின் வரிசையில் எங்களுக்கு முன்னே சற்றுத் தள்ளி அவருடைய கார் நின்றது. மணி அடித்தது. வெளியே வந்த கூட்டத்தில் என் மகள், தலையில் ஒன்றுமின்றி, முடி காற்றில் பறக்க, தோழி ஒருத்தியோடு பேசிக்கொண்டே நடந்து வந்தாள். அந்த நடையை நான் அதற்குமுன் கண்டதில்லை. காரில் ஏறினாள். முன்னிருக்கையின் வெயில்மறைப்பை இறக்கினாள். அதில் சிறு கண்ணாடி உண்டு. பையிலிருந்து முக்காட்டை எடுத்துக் கட்டத் தொடங்கினாள். அதே நேரத்தில் பக்கத்து இருக்கையில் அவரும் தம் பக்கத்து மறைப்பை இறக்கினார். பள்ளி, கொடி பறக்கும் கட்டடம். அதற்காகப் பிடரியில் கட்டியிருந்ததை அவிழ்த்து முன்னே கொண்டுவந்தார். இரண்டு சிறு கண்ணாடிகளில் இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் பாராமல், நெடுநாள் பழகிய ஒழுங்கோடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் மகள் தலை திறந்து நடந்தது என்னை அவ்வளவு வருத்தவில்லை. அந்த இரண்டு கண்ணாடிகளில் ஒன்றிலும் நான் இல்லாததுதான் வருத்தியது.

கணவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றையும் காணவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கட்டி முடித்த பிறகே கைபேசியில் அழைத்து எங்கள் வண்டிக்கு வரச் சொன்னேன். மகளிடம் கேட்கத் துணிவு வராததால் மறுநாள் பிற்பகல் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் பச்சைத் தேநீர் ஊற்றினார். அவர்கள் நாட்டில் விருந்தினர்க்கு அரைக் கிண்ணத்துக்குமேல் ஊற்றமாட்டார்கள்; நிறைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருளாம். அன்றும் அரையளவே ஊற்றினார். நான் தொடவில்லை.

"எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும்?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "செப்டம்பரிலிருந்து."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"அது அவளுடைய செய்தி. என்னுடையது அல்ல."

"அவளிடமாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? உம்மாவிடம் மறைக்காதே என்று? உங்கள் நாட்டில் இந்தத் துணிக்காக எவ்வளவு பட்டீர்கள் என்று? நீங்கள் சொன்னால் அவள் கேட்டிருப்பாள்."

"ஆம். கேட்டிருப்பாள்," என்றார். "அதனால்தான் சொல்லவில்லை."

சன்னல் பக்கம் திரும்பி அமர்ந்துகொண்டு, முதல்முறையாக நீளமாகப் பேசினார்.

"நான் அங்கே பிரசவ மருத்துவர். எங்கள் நகரத்தில் பாதிக் குழந்தைகள் என் கைக்கு வந்தவை. ஆகவே பெண்களுக்கு என்மேல் அன்பு. அது அதிகாரிகளுக்குத் தெரியும். சந்தை வாசலில் ஒரு குழு நிற்கும். போலீஸ்காரர் ஒருவர், அலுவலகத்துப் பெண் ஒருத்தி. நடுவில் நான். என் கையில் அந்தப் படப் புத்தகம். மோவாயில் கட்டி வருகிறவர்களை நிறுத்தி, இப்படிக் கட்டுங்கள் என்று நான் சொல்ல வேண்டும்."

"நீங்களா?"

"போலீஸ்காரர் சொன்னால் வெறுப்பார்கள். நான் சொன்னால் நன்றி சொல்வார்கள். அதற்காகத்தான் என்னை நிறுத்தினார்கள். எனக்கு மிருதுவான குரல். ஒருவரும் என்னிடம் சண்டை போட்டதில்லை."

மாலையில் வீட்டுக்குப் போனதும் தாம் மட்டும் மோவாய்க்குக் கீழே கட்டிக்கொள்வாராம். பகலில் ஒரு முடிச்சு, இரவில் ஒரு முடிச்சு.

சந்தைக்கு வந்தவர்களுள் ஒரு பெண்ணுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவர் பிரசவம் பார்த்திருந்தார். அவள் கையில் குழந்தை இருந்ததால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அவரே அவிழ்த்தார், அவரே பின்னால் கட்டிவிட்டார். அந்தப் பெண் குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "நன்றி, டாக்டர்" என்றாள். அதன்பிறகு அவள் சந்தைக்கு வரவில்லை. மருத்துவமனைக்கும் வரவில்லை. அடுத்த பிரசவம் வீட்டிலேயே நடந்தது என்று மட்டும் கேள்விப்பட்டார்.

"அதிலிருந்து யாருடைய துணியைப் பற்றியும் நான் பேசுவதில்லை," என்றார். "அழகு என்றுகூட."

வருந்தியிருக்க வேண்டிய இடத்தில் என் மனம் என்ன செய்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அது எழுந்து உட்கார்ந்தது. சோதிக்கப்பட்டவர் அல்லர், சோதித்தவர்! நடு நாற்காலியில் இவ்வளவு காலம் அமர்ந்திருந்தவர் யார் என்று எனக்கு மட்டுமே தெரியும். தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அன்று மாலை சமீரா சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"உன் ஆன்ட்டி அவங்க ஊர்ல என்ன வேலை பார்த்தாங்கன்னு தெரியுமா?"

"டாக்டர்."

"அது மட்டும் இல்ல. சந்தை வாசல்ல நின்னு பொம்பளைங்க முக்காட்டை அவுக்கச் சொன்னவங்க. தன் கையாலயே அவுத்தவங்க."

பென்சிலைக் கீழே வைத்தாள். "ஐ நோ, உம்மா."

"என்னத்த நோ?"

"ஷி டோல்ட் மீ. ஃபர்ஸ்ட் டே. நான் சீட் பெல்ட்கூடப் போடல." பிறகு அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். ஒரு காலத்தில் பெண்களின் தலையில் என்ன இருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்; என் காரில் ஏறுவதற்கு முன்பே அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்; உன் தலையைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே, கேட்டாலும் விடை வராது.

"நான் கேட்டேன், உம்மா. ஸோ மெனி டைம்ஸ். எடுக்கலாமா வேணாமான்னு. ஷி நெவர் ஆன்ஸர்ட். ரேடியோவை ஆன் பண்ணிடுவாங்க."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "உங்ககிட்ட ஆன்ஸர் ரெடியா இருக்கும், உம்மா."

என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தையும் அவர் முதல் நாளே என் மகளிடம் கொடுத்திருந்தார்.

அதன்பிறகு அவர் வீட்டுக்கு நான் போகவில்லை. அவர் சொன்னதைக் கூட்டத்துப் பெண்களிடம் சொல்லவும் இல்லை. சொல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை அன்று. சொன்னால், "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காங்க" என்று அவர்கள் அதற்கும் அவரையே அணைத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. மாலையில் சமீராவை அவர் அழைத்து வருவது மட்டும் நிற்கவில்லை. சில நாள் முக்காட்டோடு இறங்கினாள், சில நாள் இல்லாமல் இறங்கினாள். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கக் கற்றதும் அவரிடமிருந்துதான் என்பது அப்போதும் எரிந்தது.

கோடையில் அவர் டெக்சாஸுக்கு, கேட்டி என்ற ஊருக்கு, தம் கொழுந்தன் குடும்பம் இருந்த இடத்துக்குப் போக முடிவாயிற்று. சாமான் ஏற்றும் லாரி வாசலில் நின்ற காலையில், எப்போதோ நான் வட்டிலப்ப இனிப்புக் கொடுத்தனுப்பிய கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தார். மாடிப்படியில் காலடி கேட்டு, கதவில் இருந்த சிறு துளை வழியே பார்த்தேன். கிண்ணம் நிறைய உலர்ந்த ஆப்ரிகாட் பழம் இருந்தது. மணியை அழுத்தக் கை நீட்டியவர், அழுத்தவில்லை. குனிந்து கிண்ணத்தைக் கால்மிதியின்மேல் வைத்தார். இரண்டு கைகளும் கழுத்துக்கு எழுந்தன. மோவாய்க்குக் கீழிருந்த முடிச்சை அவிழ்த்தார்; துணியைப் பின்னால் கொண்டுபோனார்; பிடரியில் கட்டினார். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மணியை அழுத்தினார்.

அந்த வாசலில் அவர் எத்தனையோ முறை நின்றிருக்கிறார். ஒரு முறையும் முடிச்சு இடம் மாறியதில்லை. எங்கள் வீட்டில் கொடி எதுவும் கிடையாது.

கதவைத் திறந்தேன். லாரியைப் பற்றியும், டெக்சாஸ் வெயிலைப் பற்றியும் பேசினோம். "உள்ளே வாருங்கள்" என்றேன், நேரமில்லை என்றார். என் வலக் கையைத் தம் இரு கைகளுக்கிடையே சற்று நேரம் வைத்திருந்தார். வெளியே தெரிந்த கழுத்தில் வியர்வை அரும்பியிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அறிந்தது இவ்வளவே. சந்தைக்கு வந்த அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. கேட்டியில் அவர் எந்த முடிச்சில் இருக்கிறார் என்பது தெரியாது. சமீரா அவரோடு தொலைபேசியில் பேசுகிறாள். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அன்று காலை எங்கள் வாசலில் அவருடைய கைகள் தாமாக எழுந்தனவா, அவர் அறிந்தே அவற்றை எழுப்பினாரா என்பதும் எனக்குத் தெரியாது.